ஓரிஜன் மறுபிறவியைப் போதித்தாரா? 553-ல் பைபிளிலிருந்து அதை நீக்கினார்களா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். "ஆதி கிறிஸ்தவர்கள் மறுபிறவியை நம்பினார்கள். ஓரிஜன் என்ற பெரிய இறையியலாளரே அதைப் போதித்தார். 553-ல் பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்டான்டிநோபிளில் ஆயர்களின் சங்கம் கூட்டி அதை பைபிளிலிருந்து எடுத்துவிட்டார். இது உண்மையா?" கூடவே போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: நரகத்துக்கும் ஒரு முடிவு உண்டு, கடைசியில் எல்லாரும் கரைசேர்வார்கள் என்று இதே ஓரிஜன் சொன்னாராமே, அதை வைத்து இன்றைக்கும் அறிஞர்கள் சண்டை போடுகிறார்களாமே, ஏன்? நீங்கள் சாதாரணமாகக் கேட்ட இந்த இரண்டாவது கேள்விதான் கனமானது. முதல் கேள்வியில் பைபிளைப் பற்றிய பகுதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஓரிஜனைப் பற்றிய பகுதிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. இறையியல் கல்லூரி ஒன்றில் திருச்சபை வரலாறு பல வருடம் பாடம் எடுத்தவன். கிரேக்கமும் லத்தீனும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். சிரியாக் தெரியாது, இந்த விஷயத்தில் ஒரு முக்கியமான சான்று சிரியாக்கில்தான் இருக்கிறது, அங்கே மொழிபெயர்த்தவர்களை நம்பித்தான் பேசுகிறேன். கீழே எது நிச்சயம், எது என் கணிப்பு என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

பைபிளிலிருந்து நீக்கினார்கள் என்பது நடக்கவே முடியாத காரியம். சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி என்ற இரண்டு பெரிய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பவுலின் கடிதங்கள் அடங்கிய பாப்பிரஸ் ஒன்று ஏறக்குறைய கி.பி. 200-க்குப் போகிறது. இவையெல்லாம் 553-க்கு முந்தியவை, இன்றும் நம் கையில் இருப்பவை. நீக்கப்பட்டதாகச் சொல்லும் மறுபிறவி வசனம் எதுவும் இவற்றில் இல்லை. அதற்குள் பைபிள் லத்தீனிலும் சிரியாக்கிலும் எகிப்தின் காப்டிக் மொழியிலும் போய்விட்டது. பாரசீகப் பேரரசுக்குள் இருந்த சபைகளின் பிரதியை ஜஸ்டினியன் எப்படித் திருத்த முடியும்? இதே கதையின் இன்னொரு வடிவத்தில் பேரரசி தியோடோராதான் சங்கத்தை ஆட்டிவைத்ததாக வரும். அந்த அம்மா இறந்தது 548-ல். சங்கம் கூடியது ஐந்து வருடம் கழித்து.

இன்னொன்று, உண்மையாகவே நீக்க நினைத்திருந்தால் யோவான் 9-ஆம் அதிகாரத்தை விட்டுவைத்திருப்பார்களா? பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ" என்று கேட்கிறார்களே, பிறப்பதற்கு முன்னால் அவன் எங்கே பாவம் செய்திருப்பான் என்று இன்றும் வகுப்பில் யாராவது எழுந்து கேட்பார்கள். எலியா திரும்பி வந்தாயிற்று என்று இயேசு யோவான் ஸ்நானகனைக் குறித்துச் சொன்ன வசனமும் அப்படியே இருக்கிறது. கேள்வியைத் தூண்டும் வசனங்கள் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கின்றன.

இனி ஓரிஜன். ஏறக்குறைய 185-ல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். 202-ல் அவருடைய அப்பா லியோனிடஸை விசுவாசத்துக்காகக் கொன்றார்கள். பதினேழு வயதுப் பையன் தானும் போய்ச் சாகிறேன் என்று துடித்தபோது, அம்மா அவனுடைய துணிமணிகளை ஒளித்துவைத்து வீட்டை விட்டு வெளியே போகவிடாமல் செய்தாள் என்று பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் எழுதுகிறார். அப்புறம் ஆசிரியரானார். வசதியுள்ள அம்புரோசியுஸ் என்ற நண்பர் சுருக்கெழுத்தாளர்களையும் படியெடுப்பவர்களையும் சம்பளம் கொடுத்து அமர்த்தித் தர, ஓரிஜன் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். சொந்த ஊர் ஆயரோடு ஒத்துப்போகாமல் பாலஸ்தீனத்துச் செசரியாவுக்குக் குடிபெயர்ந்தார். 250-ல் ரோமப் பேரரசர் டீசியுஸ் காலத்து வதையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார், விசுவாசத்தை மறுக்கவில்லை, உடைந்த உடம்போடு சில வருடம் இருந்து இறந்துபோனார். தன்னைத்தானே ஆண்மை நீக்கிக்கொண்டார் என்ற கதையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யூசேபியுஸ் அதைச் சொல்வது உண்மை. ஆனால் மத்தேயு 19:12-ஐ அப்படி எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வதை ஓரிஜனே பிற்காலத்தில் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். பட்டதால் வந்த கடுமையா, வதந்திக்குப் பதிலா? இரு பக்கமும் வாதம் இருக்கிறது.

ஆன்மாவைப் பற்றி அவர் என்ன சொன்னார்? அவர் காலத்தில், திருச்சபை தள்ளிய போதகர்களான மார்சியன், வாலன்டினுஸ் வழியில் வந்தவர்கள் ஒரு கேள்வியை வைத்து எல்லாரையும் மடக்கிக்கொண்டிருந்தார்கள். கடவுள் ஒருவர், நீதியுள்ளவர் என்றால் ஒருவன் ஏன் ஆரோக்கியமாகப் பிறக்கிறான், இன்னொருவன் ஏன் பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறான்? ஒருவன் ஏன் படித்தவர் வீட்டில், இன்னொருவன் ஏன் காட்டுமிராண்டிக் கூட்டத்தில்? படைத்தவன் இரண்டு பேரோ, இல்லை ஆன்மாக்களே பிறவியிலேயே ரகம் ரகமாய் இருக்கின்றனவோ என்பது அவர்கள் வாதம். "ஆதி காரணங்கள்" என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய தன் நூலில் ஓரிஜன் இதற்குப் பதில் தேடுகிறார். கடவுள் எல்லா அறிவுள்ள உயிர்களையும் சமமாகவே படைத்தார். அவை தம் சுதந்திரத்தால் கடவுளைவிட்டு விலகின. யார் எவ்வளவு விலகினார்களோ அதற்கேற்ற நிலையும் உடலும் கிடைத்தது என்கிறார். கிரேக்கத்தில் ஆன்மாவுக்குச் சொல்லும் 'ப்சுகே' என்ற சொல், குளிர்ந்துபோவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு சொல்லாராய்ச்சியும் செய்கிறார். அடுப்பிலிருந்து எடுத்த கரி ஆறிப்போவதுபோல, தெய்வ அன்பின் சூட்டிலிருந்து விலகி ஆறிப்போனதுதான் ஆன்மா. சொல்லாராய்ச்சி தேறுமோ தேறாதோ, படிமம் நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்கு அவர் எடுத்துக்காட்டும் வசனத்தைத் தமிழ் பைபிளில் பார்த்தால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். ரோமர் 9:11, யாக்கோபும் ஏசாவும் தாயின் வயிற்றில் இருந்ததைப் பற்றியது: "பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்" கடவுள் ஒருவனைத் தெரிந்துகொண்டார், ஒருவனை வெறுத்தார். நல்வினை தீவினை! பவுல் சொல்ல வந்தது வினை எதுவும் இல்லாமலே கடவுள் தெரிந்துகொண்டார் என்பதை. ஓரிஜனுக்கு அது போதவில்லை. ஒன்றுமே செய்யாதவனை வெறுப்பவர் நீதியுள்ளவராக இருக்க முடியுமா? ஆகவே இந்தப் பிறப்புக்கு முன்னால் எங்கோ ஏதோ நடந்திருக்க வேண்டும் என்கிறார். முன்வினை என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இது மிகவும் பழகிய குரல். இந்த ஒற்றுமையை நான் மழுப்ப மாட்டேன். உங்களுக்கு வந்த செய்தி முழுக்க வெறுங்காற்றிலிருந்து கிளம்பவில்லை.

ஆனால் ஆன்மா உடலுக்கு முன்பே இருந்தது என்பது வேறு, அது உடல் விட்டு உடல் மாறிக்கொண்டே போகிறது என்பது வேறு. முதலாவதை அவர் ஒரு விடையாக முன்வைக்கிறார். இரண்டாவதை, மத்தேயு நற்செய்திக்கு எழுதிய விரிவுரையில் எலியா–யோவான் வசனத்துக்கு வரும்போது, நேரடியாக மறுக்கிறார். யோவானிடம் இருந்தது எலியாவின் ஆன்மா இல்லை, எலியாவின் ஆவியும் வல்லமையும் என்கிறார். ஆன்மா உடல் மாறும் என்ற போதனை கடவுளின் சபைக்கு அந்நியமானது, அப்போஸ்தலர்கள் கொடுத்ததும் இல்லை, வேதத்தில் எங்கும் இல்லை என்கிறார். இது கிரேக்க மூலத்திலேயே நம்மிடம் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் கைவைத்த இடம் அல்ல. ஆகவே ஓரிஜன் மறுபிறவியைப் போதித்தார் என்ற வாக்கியம் தவறு என்று துணிந்து சொல்லலாம்.

அப்படியானால் அந்தப் பெயர் அவருக்கு எப்படி ஒட்டிக்கொண்டது? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. அவருடைய முக்கியமான நூலின் கிரேக்க மூலம் முழுதாக நம்மிடம் இல்லை. சில பகுதிகள் 'பிலோகாலியா' என்ற பழைய தொகுப்பில் தங்கியிருக்கின்றன. முழு நூலாக நம்மிடம் இருப்பது ரூஃபினுஸ் என்ற துறவி 398 வாக்கில் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு மட்டும். அந்த ரூஃபினுஸ் முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார்: திரித்துவத்தைப் பற்றி ஓரிஜன் வேறு இடத்தில் சொன்னதோடு முரண்படும் இடங்களை எதிரிகள் சொருகியவை என்று கருதி விட்டுவிட்டேன், அல்லது அவருடைய மற்ற எழுத்துக்கு இசைவாகச் சரிசெய்தேன் என்று. போதாக்குறைக்கு, இந்த வழியை எனக்குக் காட்டியவர் ஜெரோம்தான் என்ற தொனியில், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த அந்த ஜெரோமையும் உள்ளே இழுத்துவிட்டார். ஜெரோம் அதற்கு முன்பு ஓரிஜனின் மறையுரைகளைப் பத்துப் பத்தாக மொழிபெயர்த்த ரசிகர். அப்போது காற்று மாறி, ஓரிஜன் பெயரே ஆபத்தாகிவிட்ட நேரம். சின்ன வயதுச் சிநேகிதர்கள் இருவரும் ஜென்மப் பகையாளிகள் ஆனார்கள். ஜெரோம் போட்டியாகச் சொல்லுக்குச் சொல் ஒரு மொழிபெயர்ப்புச் செய்தார். அது தொலைந்துவிட்டது. பின்னாளில் ஒரு நண்பருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், 'இதோ பார், இந்த ஆள் எவ்வளவு பயங்கரமாக எழுதியிருக்கிறார்' என்று எடுத்துக்காட்டிய துண்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

ஒரே இடத்தை இருவரும் எப்படித் தருகிறார்கள் என்று பாருங்கள். முதல் பாகத்தின் கடைசிப் பக்கம். ரூஃபினுஸ் தருவதில், ஆன்மா தன் அறிவை மறந்து மிருக உடலுக்குள் இறங்கும் என்பதை நாங்கள் ஏற்பதில்லை என்று ஓரிஜன் சொல்கிறார். ஜெரோமின் கடிதத்திலோ, கேடுகெட்டுப்போன ஆன்மா வேதனை தாங்காமல் மிருகமாகவோ மீனாகவோ கிடப்பதையே விரும்பக்கூடும் என்று ஓரிஜன் நீளமாகப் பேசியதாக வருகிறது. சரி, ஒருவர் வெட்டினார், ஒருவர் காட்டிக்கொடுத்தார் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் ஜெரோமே அடுத்த வரியில் இன்னொன்றைப் பதிவுசெய்கிறார். மறுபிறவியைப் போதித்த கிரேக்க ஞானி பித்தகோரஸின் சீடன் என்று பழி வராமலிருக்க, 'இதை நான் கோட்பாடாகச் சொல்லவில்லை. விவாதத்துக்காக, ஆராய்ந்து பார்க்காமல் விட்டதாக இருக்கக் கூடாதே என்பதற்காகத்தான் சொன்னேன்' என்று ஓரிஜன் முடித்தாராம். ஜெரோம் இதைத் தந்திரம் என்று குத்திக்காட்டத்தான் சேர்த்தார். எதிரி வாயிலிருந்தே வருகிற வாக்குமூலம் என்பதால் எனக்கு இது ரூஃபினுஸ் சொல்வதைவிடப் பெறுமதியானது. ஓரிஜன் ஒரு கருத்தை எடுத்துப் போட்டு, எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்து, வாசகனிடம் விடும் வழக்கமுள்ளவர். நூலின் முன்னுரையிலேயே அப்போஸ்தலர்கள் தெளிவாகச் சொன்னவை இவை, சொல்லாமல் விட்டவை இவை என்று பட்டியல் போடுகிறார். ஆன்மா எங்கிருந்து வருகிறது என்பது அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது.

இந்தப் பிரதிச் சிக்கல்தான் 20-ஆம் நூற்றாண்டு விவாதத்தின் அடிக்கல். 1913-ல் ஜெர்மனியில் பவுல் கோய்ட்ஷாவ் வெளியிட்ட பதிப்பு, ரூஃபினுஸை நம்பாமல், ஜெரோமும் ஜஸ்டினியனும் மற்ற எதிரிகளும் தந்த துண்டுகளை எடுத்து நூலின் உடலுக்குள்ளேயே பொருத்தியது. 1936-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தப் பதிப்பின் வழியே போனதால், மூன்று தலைமுறை மாணவர்கள் ஓரிஜனை அவருடைய வழக்கறிஞரும் அரசுத் தரப்பும் மாறி மாறிப் பேசும் குரலில் வாசித்தார்கள். நானும் அதைத்தான் முதலில் வாசித்தேன். பிறகு பிரான்சில் ஆன்றி க்ரூஸெலும் மன்லியோ சிமோனெத்தியும் செய்த பதிப்பு அந்தத் துண்டுகளை வெளியே எடுத்து அடிக்குறிப்புகளுக்கு அனுப்பியது. 2017-ல் ஜான் பேர் வெளியிட்ட பதிப்பும் துண்டுகளைப் பிரித்தே வைக்கிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு பேசுபவரும் புதிய பதிப்பை வைத்துக்கொண்டு பேசுபவரும் சந்தித்தால், பாதி நேரம் அவர்கள் பேசுவது வெவ்வேறு நூலைப் பற்றி.

ரூஃபினுஸை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சோதிக்க 2012-ல் எதிர்பாராத ஒரு வாய்ப்பு வந்தது. ம்யூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகத்தில் கிரேக்கப் பிரதிகளுக்கு அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்த மரீனா மொலின் பிரதெல், ஆசிரியர் பெயர் இல்லாமல் கிடந்த ஒரு பழைய கட்டில் சங்கீதங்களைப் பற்றிய 29 மறையுரைகளைப் பார்த்தார். அவற்றில் சில, ரூஃபினுஸின் லத்தீனில் மட்டும் நாம் அறிந்திருந்த ஓரிஜனின் மறையுரைகளோடு பொருந்தின. மற்றவையும் ஓரிஜனுடையவை என்று லொரென்ஸோ பெரோனே உள்ளிட்ட அறிஞர்கள் உறுதிசெய்து 2015-ல் அச்சிட்டார்கள். மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ரூஃபினுஸ் வார்த்தைகளை நீட்டுகிறார், விளக்குகிறார், ஆனால் கருத்தைத் தலைகீழாக்கும் ஆள் இல்லை என்பதுதான் தெரிகிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: மறையுரையில் மறைக்க வேண்டிய விஷயம் குறைவு. ஆன்மாவையும் பிசாசையும் பற்றிய இடங்களில் அவர் அதே நேர்மையோடு இருந்தார் என்பதற்கு இது சான்றாகாது.

553-க்கு வருவோம். அந்தச் சங்கம் கூடிய காரணம் ஓரிஜன் அல்ல; மூன்று ஆயர்களின் எழுத்துகளைக் கண்டிப்பதைப் பற்றிய 'மூன்று அதிகாரங்கள்' என்ற வேறொரு தகராறு. பாலஸ்தீனத்துத் துறவியர் மடங்களில் ஓரிஜனின் பேரில் பெரிய அடிதடி நடந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி ஜஸ்டினியன் 543-ல் ஓர் ஆணைக் கடிதம் வெளியிட்டார். 553-ல், இன்னதைச் சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்று அறிவிக்கும் 15 சாபக் கட்டளைகள் எழுந்தன. இவை சங்கத்தின் முறையான அமர்வுகளில் வரவில்லை. சங்கம் தொடங்கும் முன், கூடியிருந்த ஆயர்களிடம் வைக்கப்பட்டு ஏற்கப்பட்டவை என்பது 2009-ல் சங்க ஏடுகளை மொழிபெயர்த்த ரிச்சர்ட் பிரைஸ் போன்றவர்களின் முடிவு. இவற்றைச் சங்கத்தின் முடிவாகக் கொள்ள முடியாது என்று 1990-ல் வந்த சங்கக் கட்டளைகளின் தொகுப்பு சேர்க்காமலே விட்டுவிட்டது. ஆனால் சங்கத்தின் சொந்தக் கட்டளைகளில் 11-ஆவது, ஆரியுஸ் முதல் யூட்டிக்கஸ் வரை தள்ளப்பட்டவர்களின் வரிசையில் கடைசியாக ஓரிஜன் பெயரைச் சொல்கிறது. ஆகவே 'அவரை யாருமே கண்டிக்கவில்லை' என்று சில ஆதரவாளர்கள் சொல்வதும் சரியில்லை.

எதைக் கண்டித்தார்கள் என்பதுதான் கேள்வி. பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன், 399-ல் இறந்த எவாக்ரியுஸ் என்ற பாலைவனத் துறவியின் நூலொன்றின் சிரியாக் பிரதியை 1958-ல் வெளியிட்டார். பூசிமெழுகாத பிரதி. அதை 15 சாபக் கட்டளைகளோடு ஒப்பிட்டால் பல வாக்கியங்கள் எவாக்ரியுஸிடமிருந்து வந்தவைபோல இருக்கின்றன. அதாவது, ஓரிஜன் இறந்து 300 வருடம் கழித்து, அவருடைய பேரப்பிள்ளைகளின் கணக்கில் எழுதிய கடனை அவர் பேரில் வசூலித்திருக்கிறார்கள். உயிர்த்தெழும் உடல் உருண்டையாக இருக்கும் என்று ஒரு குற்றச்சாட்டு அவற்றில் வருகிறது. ஓரிஜனின் எழுத்தில் கிடைப்பது வானத்து உடல்கள் உருண்டை என்ற பேச்சு மட்டுமே.

ஆன்மா முன்பே இருந்தது என்பதையாவது ஓரிஜன் சொன்னாரா? அதையும் இப்போது மறுக்கிறார்கள். 2002-ல் மார்க் எட்வர்ட்ஸ் எழுதிய நூல், ஓரிஜனை பிளேட்டோவின் சீடராகப் பார்ப்பதே தவறு என்று வாதிட்டது. பனயோதிஸ் த்ஸமாலிகோஸ் இன்னும் வேகமாக அதே திசையில் போனார். பீட்டர் மார்ட்டென்ஸ் 2015-ல் ஒரு நீண்ட கட்டுரையில், இல்லை, ஆன்மாவின் இறக்கம் அவருடைய சிந்தனையில் உண்டுதான் என்று நிலைநாட்டினார். என் கணிப்பு மார்ட்டென்ஸ் பக்கம். யாக்கோபு–ஏசா பகுதி ரூஃபினுஸின் சலித்தெடுத்த பிரதியிலேயே இருக்கிறது. காப்பாற்ற நினைத்தவரே விட்டுவைத்ததை நாம் ஏன் துடைக்க வேண்டும்? ஒரு சங்கடமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த உலகத்துக்கு முன்னும் பின்னும் வேறு உலகங்கள் இருக்கலாம் என்று ஓரிஜன் யோசிக்கிறார். அப்படி வேறு உலகத்தில் ஆன்மா இன்னோர் உடல் எடுத்தால் அது மறுபிறவி ஆகாதா? ஆகும் என்பார் ஜெரோம். இந்த உலக யுகத்துக்குள் திரும்பத் திரும்பப் பிறப்பதைத்தான் ஓரிஜன் மறுத்தார் என்று பிரித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது உண்மையாகவே தீராத இடம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஓரிஜனின் வாதம் எளிது: முடிவு தொடக்கத்தைப் போல இருக்கும். ஒன்று கொரிந்தியர் 15:28-ல் "தேவனே சகலத்திலும் சகலமுமாயிருப்பதற்கு" என்று வருகிறதே, எங்கோ ஒரு மூலையில் தீமை நிரந்தரமாக எரிந்துகொண்டிருந்தால் அது எப்படி சகலமும் ஆகும்? தண்டனை வைத்தியர் கையில் இருக்கும் கத்தியும் சூடும் போல, குணமாக்கத்தான். இந்தத் திரும்ப நிலைநிறுத்தலுக்கு கிரேக்கத்தில் 'அப்போகாத்தாஸ்தாசிஸ்' என்று பெயர். அந்தச் சொல் அப்போஸ்தலர் 3:21-ல் இருக்கிறது. நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது "நிறைவேறித் தீருங்காலங்கள்" என்று வருவதால், இவ்வளவு பெரிய சண்டைக்குக் காரணமான சொல் அங்கே இருப்பதே தமிழ் வாசகருக்குத் தெரியாது. எதிர்த்தரப்பின் வசனம் எல்லாருக்கும் தெரியும், மத்தேயு 25:46: "நித்திய ஆக்கினை", "நித்திய ஜீவன்". இரண்டிலும் ஒரே 'நித்திய'. ஒன்று முடிந்தால் இன்னொன்றும் முடியுமே என்று அகுஸ்தீனார் கேட்டார். 'நித்திய' என்று நாம் சொல்லும் 'அயோனியோஸ்' என்ற கிரேக்கச் சொல் முடிவில்லாத காலத்தைக் குறிக்கிறதா, வரப்போகும் யுகத்துக்கு உரியது என்பதைக் குறிக்கிறதா? இலாரியா ராமெல்லியும் டேவிட் கான்ஸ்டனும் இதற்கென்றே 2007-ல் ஒரு நூல் எழுதினார்கள்.

2013-ல் ராமெல்லி, ஓரிஜன் மட்டுமல்ல, ஆதிப் பிதாக்களில் பலரும் இந்த நம்பிக்கை உடையவர்கள் என்று மிகப் பெரிய நூலொன்றில் வாதிட்டார். 2018-ல் மைக்கேல் மெக்ளிமண்ட் இரண்டு தடித்த பாகங்களில் அதற்கு நேர் எதிராக, இந்தக் கருத்தின் வேர் வாலன்டினுஸ் வழியினர் போன்ற, மறைவான ஞானத்தால்தான் மீட்பு என்ற ஞானவாதக் குழுக்களிடம் இருக்கிறது என்றார். 2019-ல் கீழைத் திருச்சபையைச் சேர்ந்த டேவிட் பென்ட்லி ஹார்ட் சூடான சிறு நூல் ஒன்றை எழுதினார்: ஒருவராவது முடிவில்லாமல் வதைபடுவார் என்று தெரிந்தே படைக்கிற கடவுளை நல்லவர் என்று சொல்வதில் பொருளே இல்லை என்பது அவர் வாதம். அவர் அதிகம் சாய்வது ஓரிஜனைவிட 4-ஆம் நூற்றாண்டு ஆயர் நிஸ்ஸாவின் கிரகோரியின் மேல். கிரகோரி இதையே ஏறக்குறைய வெளிப்படையாகச் சொன்னவர், ஆனாலும் திருச்சபை அவரைப் புனிதராகக் கொண்டாடுகிறது. கத்தோலிக்கர் பக்கம் பால்தாசார் என்ற இறையியலாளர் 1980-களிலேயே நடுவழி ஒன்றைப் பிடித்தார்: எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று அறிவிக்க முடியாது, நம்பி ஏங்கலாம்.

இதில் என் எண்ணம்: ராமெல்லி சில பிதாக்களை இழுத்துச் சேர்க்கிறார், ஒரு சொல் கிடைத்தாலே ஆள் நம் கட்சி என்கிற ஆர்வம் தெரிகிறது. மெக்ளிமண்ட் ஓரிஜனை ஞானவாதிகளோடு கட்டுவது அதைவிடப் பலவீனம், ஏனென்றால் ஓரிஜன் வாழ்நாள் முழுக்க அவர்களோடுதான் மல்லுக்கட்டினார். சிலர் பிறவியிலேயே கெட்டவர்கள் என்ற அவர்களுடைய வாதத்தை உடைக்கத்தான் இவ்வளவும் சொன்னார். பிசாசு விஷயம் இதற்கு நல்ல உதாரணம். கான்டிடுஸ் என்ற ஞானவாதியோடு நடந்த விவாதத்தில், பிசாசு இயற்கையிலேயே கெட்டது, மீள முடியாது என்று அவர் சொல்ல, இயற்கையால் அல்ல, தன் விருப்பத்தால் விழுந்தது, ஆகவே மீள்வது முடியாதது அல்ல என்று ஓரிஜன் சொன்னாராம். 'பிசாசு மீட்கப்படும்' என்று அவர் போதித்ததாக ஊரெல்லாம் பரவியது. அலெக்சாந்திரியா நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், புத்தி பேதலித்தவன்கூட அப்படிச் சொல்ல மாட்டானே என்று ஓரிஜன் நொந்துகொள்கிறார். முடியும் என்பதற்கும் நடக்கும் என்பதற்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை அவர் காலத்திலேயே கேட்டவர்கள் தவறவிட்டார்கள். 15 சாபக் கட்டளைகளில் முதலாவதும் கூர்ந்து வாசிக்க வேண்டியது: ஆன்மா முன்பே இருந்தது என்ற கட்டுக்கதையையும் 'அதிலிருந்து பின்தொடரும்' திரும்ப நிலைநிறுத்தலையும் அது சபிக்கிறது. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் கிரகோரிபோல வைத்துக்கொண்டால் சாபம் தொடுமா என்பதில்தான் ஹார்ட் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் இன்று உரசல்.

இந்த மறுபிறவிச் செய்தி நம் ஊரில் இவ்வளவு சகஜமாகப் புழங்குவதற்கு ஒரு காரணத்தை ஊகிக்கிறேன், ஊகம்தான். பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாறில் இருக்கிறது. அன்னி பெசன்ட் 1901-ல் கிறிஸ்தவத்தின் மறைபொருள் பக்கத்தைப் பற்றி எழுதிய நூலில் ஓரிஜனை நிறையவே மேற்கோள் காட்டியிருப்பார். கிழக்கையும் மேற்கையும் ஒரே ஞானத்தில் இணைக்க விரும்பியவர்களுக்கு ஓரிஜன் கைக்கு வாகான ஆள்.

நேரடியாக அவரை வாசிக்க விரும்பினால் பெரிய நூலில் தொடங்காதீர்கள். 1941-ல் கெய்ரோவுக்குப் பக்கத்தில் தூரா என்ற இடத்தில், போர்க் கிடங்குக்காகப் பழைய கற்குகைகளைச் சுத்தம் செய்தபோது பாப்பிரஸ் கட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, ஹெராக்ளிடீஸ் என்ற ஆயரோடு சபையார் முன்னிலையில் ஓரிஜன் நடத்திய உரையாடல், சுருக்கெழுத்தில் பிடித்தது. ஒரு மாலைக்குள் வாசித்துவிடலாம். நடுவில் டயோனிசியுஸ் என்பவர், இரத்தம்தான் ஆன்மாவா என்று கேட்கிறார். ஓரிஜன் உடனே பதில் சொல்வதில்லை. கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள், எதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற தயக்கம். "சொல்லவும் தவிக்கிறேன், சொல்லாமல் இருக்கவும் தவிக்கிறேன்" என்கிறார். அப்புறம் சொல்ல ஆரம்பிக்கிறார்.